பிஸ்டலுக்கு ஸ்பிரிங் போட்ட நாள்

எங்கள் வீட்டில் ஒரு பிஸ்டல் இருந்தது என்று சொன்னால், இப்போதும் சிலர் உட்கார்ந்திருக்கிற கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். பயப்பட ஒன்றுமில்லை. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓட்டத்தைத் தொடக்கி வைக்கிற பிஸ்டல் அது. சத்தம் மட்டும் போடும், குண்டு போகாது.

சண்டை முடிந்து, இந்தியாவில் அகதி முகாமில் இருந்த நாங்கள் எங்கள் ஊரான ஓலைத்தொடுவாய்க்குத் திரும்பி வந்த பிறகு நடந்தது இது. அப்பா எங்கள் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியர். சம்பளம் பெயருக்குத்தான், ஆனால் விசில் எப்போதும் கழுத்தில் தொங்கும். அதுவரைக்கும் எங்கள் பக்கத்தில் ஓட்டப் போட்டி விசிலில்தான் தொடங்கும். வெடிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் முன்னுக்கு ஓடாமல் பங்கர் குழிக்குள் ஓடிவிடுவார்கள் என்று பெரியவர்கள் பகிடி விட்டுச் சிரிப்பார்கள். அந்த வருடம் அதிபர் அனுமதி எல்லாம் எடுத்து, ஒரு பழைய பிஸ்டலைக் கொண்டுவந்து சேர்த்தார். வந்த பிறகுதான் தெரிந்தது, உள்ளே ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது என்று. "நான் பாக்கிறன் சேர்" என்று அப்பா முந்திக்கொண்டார். அப்பாவுக்கு எதையும் கழற்றத் தெரியும். திரும்பப் பூட்டுவதில்தான் சிக்கல். எங்கள் வீட்டு ரேடியோ அதற்குச் சாட்சியாக அலுமாரிக்கு மேல் கிடந்தது.

அம்மாவின் தங்கையான சின்னம்மாவும் எங்களோடுதான் இருந்தார். நாங்கள் படகேறி இந்தியாவுக்குப் போனபோது அவர் வரவில்லை. தாய் தகப்பனோடு வன்னியில் நின்றுவிட்டார். வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகளைக் கொண்டுபோன காலத்தில் அவரையும் இயக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே என்ன செய்தார், என்ன பட்டார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சண்டை முடிந்தபின் அரசாங்கம் வைத்திருந்த புனர்வாழ்வு முகாமிலிருந்து விட்டபோது நேராக எங்களிடம் வந்தார். வெளியாட்கள் கேட்டால், சின்னம்மாவும் எங்களோடு இந்தியாவில் இருந்தவர், அங்கே தையல் பழகினவர் என்று சொல்ல வேண்டும். அம்மா எனக்கு அதை வாய்ப்பாடு போலப் பாடமாக்கி வைத்திருந்தார்.

பிஸ்டல் வீட்டிலிருந்த அந்தக் கிழமைதான் சின்னம்மாவுக்கு அரிப்பு என்ற ஊரிலிருந்து ஒரு கலியாணப் பேச்சு வந்திருந்தது. மாப்பிள்ளை படகு எஞ்சின் திருத்துகிறவர். கோயில் திருநாளில் சின்னம்மா அவரைத் தூரத்தில் கண்டிருந்தார். அவரைப் பற்றிக் கதை வந்தால் தேங்காய் திருவுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து சிரிப்பார். சின்னம்மா சிரிப்பதைப் பார்க்கவே நான் வேண்டுமென்று அந்தக் கதையை எடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாப்பிள்ளையும் அவருடைய தமக்கையும் வந்தார்கள். மறுநாள் விளையாட்டுப் போட்டி. புதிய ஸ்பிரிங்கும் வெடியைத் தட்டுகிற ஒரு குட்டி ஊசியும் முதல் நாள்தான் டவுனிலிருந்து வந்திருந்தன. "அந்தச் சாமானை முதல்ல இதில இருந்து எடுங்கோ" என்று அம்மா காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார். அப்பா எடுக்கவில்லை. மேசையில் பரப்பி வைத்ததையெல்லாம் ஒரு பேப்பரால் மூடிவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். காற்றுக்குப் பேப்பர் எழும்பியது. எஞ்சின்காரர் கண்ணில் ஸ்பிரிங் பட்டால் சும்மா இருப்பாரா? அப்பா பள்ளிக்கூடப் பிஸ்டலின் கதையைச் சொல்ல, இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு குனிந்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்தது இரண்டு பேருக்குமே மறந்து போயிற்று.

ஸ்பிரிங் ஒருமுறை துள்ளி அலுமாரிக்கு அடியில் போனது. நான் தவழ்ந்து எடுத்துக் கொடுத்தேன். இன்னொரு முறை தமக்கையின் மடியில் விழுந்தது. அவரும் சிரித்துவிட்டார். "இது எனக்குப் பிடிபடுதில்லை அண்ணை" என்று மாப்பிள்ளை வியர்வையைத் துடைத்தார்.

அப்போதுதான் சின்னம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்தார். மேசைக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அத்தான், ஊசியை முதல் போடோணும்" என்றார்.

தட்டை வைத்துவிட்டுப் பிஸ்டலைக் கையில் வாங்கினார். எனக்குத் தலை பின்னும்போது பின்னலைப் பார்க்காமல் வெளியே ஒழுங்கையில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே பின்னுவாரே, அப்படித்தான். அவருடைய கண் யன்னலில் நின்றது, விரல்கள் மட்டும் வேலை செய்தன. டக் என்று சத்தம் கேட்டது. பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு, திரும்பத் தட்டைத் தூக்கினார்.

"சோக்காச் செய்தீங்கள்!" என்றார் மாப்பிள்ளை. உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

தமக்கை சிரிக்கவில்லை. "எங்க பழகினனீங்கள் தங்கச்சி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தையல் மெஷின் பழுதானா அவள்தான் திருத்திறவள். அந்தக் கைப் பழக்கம்" என்று அம்மா அவசரமாகச் சொன்னார்.

சின்னம்மா தமக்கையின் கையில் கோப்பையைக் கொடுத்தார். "இல்லை அக்கா. நான் இந்தியாவுக்குப் போகேல்லை. இயக்கத்தில இருந்தனான்" என்றார்.

"எல்லாரும் பட்ட பாடுதானே" என்று தமக்கை சொன்னார். அவர் நல்ல மனுசிதான். தேத்தண்ணியை மிச்சம் விடாமல் குடித்தார், அம்மாவின் கையைப் பிடித்து விடைபெற்றார், சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். மாப்பிள்ளை வாசல் படலையடியில் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அரிப்பிலிருந்து பிறகு எந்தச் சொல்லும் வரவில்லை.

அவர்கள் போனதும் அம்மா அழுதார். "கொஞ்சம் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்தானே?"

"பிறகு தெரிய வந்தா, விசாரணை எண்டு அந்த மனுசனுக்குமெல்லே அக்கா கரைச்சல்" என்றார் சின்னம்மா.

நான் அம்மாவின் பக்கம். கலியாணத்துக்கு எனக்குச் சட்டை தைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அப்பா ஒரு பக்கமும் சேரவில்லை. பிஸ்டலைத் துணியில் சுற்றிக்கொண்டு பின்வாசலில் போய் உட்கார்ந்திருந்தார். அதை வீட்டுக்கு ஏன் கொண்டுவந்தேன் என்று பிற்காலத்தில் பலமுறை சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்.

மறுநாள் போட்டிக்குச் சின்னம்மா வரவில்லை. பிஸ்டல் சொன்ன சொல் கேட்டது. அப்பா கையைத் தூக்கும்போதெல்லாம் வெடித்தது, அதிபர் அவர் தோளில் தட்டினார். நான் இரண்டாவதாக வந்தேன். அந்தச் சந்தோஷத்தில் முதல் நாள் நடந்ததெல்லாம் மறந்துபோய், காலில் போட்ட சப்பாத்தோடு வீட்டுக்கு ஓடினேன்.

சின்னம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். நான் ஓட்டத்தில் என்னவாக வந்தேன் என்று அவர் கேட்கவில்லை.

"வெடிச்சதே?" என்றார்.

"ஓம் சின்னம்மா! ஒருக்காலும் பிழைக்கேல்லை!"

கையிலிருந்த துணியை அவர் பிழியாமல் வைத்திருந்தார். "ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்லையே?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். "ஐயோ சின்னம்மா, அது சும்மா சத்தம்தானே!"

அவரும் சிரிக்கப் பார்த்தார். நான் உள்ளே ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் சொன்னேன், அங்கே எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மா அன்று கேட்டது எங்கள் விளையாட்டுப் போட்டியைப் பற்றித்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.