தம்பி திருச்சியில், நாங்கள் அவிசாவளையில்

தம்பி படிப்புக்காக இன்று திருச்சிக்குப் போனான். வழியனுப்ப, மலைநாட்டு வட்டவளையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போனோம்.

பிளேன் மேலே ஏறும்வரை யாரும் நகரக்கூடாது என்பது எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வழக்கம். அம்மா அழுததைப் பார்த்து, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு குடும்பமும் அழுதது.

திரும்பி வரும்போது, மலை அடிவாரத்து அவிசாவளையில் ஒரே வாகன நெரிசல். தம்பி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

அம்மா அலறிவிட்டார். "ஐயோ, புள்ளைய திருப்பி அனுப்பிட்டாங்களா?"

"இல்லம்மா, திருச்சிக்கு வந்துட்டேன். வெளிய நிக்கிறேன்."

பறக்கும் நேரமே ஒரு மணித்தியாலம்தானாம்!

அம்மா என்னை முறைத்தார். "இவ்வளவு கிட்டன்னு முன்னமே சொல்லக்கூடாதா? அப்படி அழுதிருக்க மாட்டேனே!"

நாங்கள் இன்னும் மலை ஏறவே தொடங்கவில்லை. தம்பி கேட்கிறான்: "நீங்க பத்திரமா வீடு போய்ச் சேந்துருவீங்களா?"

யார் யாரை வழியனுப்பினோம், நீங்களே சொல்லுங்கள்.