நாலாவது பெயர்

சொந்த ஊர் எது என்று கேட்டால் நான் கொஞ்சம் முழிப்பேன். அவுஸ்திரேலியாவில் நாங்கள் இப்போது இருக்கிற நோபல் பார்க்கில் எந்தப் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும் யாரோ ஒரு அன்ரி தட்டில் ரோல்ஸோடு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, "பிள்ளை ஊரிலை எவடம்?" என்று தொடங்குவா. அப்பா பக்கம் யாழ்ப்பாணத்து அளவெட்டி என்றால் அவவுக்குத் திருப்தி. ஆனால் அளவெட்டியை நான் இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறேன். நான் ஓடி விழுந்து முழங்கால் உரிந்தது இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில். ஒரு தேவாலயம், ஒரு பப், ஒரு குளம், அதில் ஆறு வாத்து, எங்கள் கடை. அவ்வளவுதான் ஊர். இதைச் சொன்னால், "அது சரி, சொந்த ஊரைச் சொல்லும்" என்று அன்ரி திரும்பவும் கேட்பா. நான் இன்னொரு ரோல்ஸை எடுத்துக் கடிப்பேன்.

போன கிழமை அந்த ஊரின் வரலாற்றுச் சங்கத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முன்பு ஒரு புத்தகம் போட்டவர்கள், இப்போது புதுப்பதிப்பு போடுகிறார்களாம். அந்த முதற் புத்தகத்துக்காக எங்கள் வீட்டில் நிரப்பிக் கொடுத்த படிவம் பழைய பெட்டியொன்றில் அகப்பட்டதாம். அதைப் படம் எடுத்து அனுப்பி, நாலாவது பெயர் யாருடையது, ஏன் வெட்டியிருக்கிறது, புதுப்பதிப்பில் சேர்க்கவா விடவா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். சேருங்கள் என்று ஒரே வரியில் பதில் போட்டேன். வெட்டியது யார் என்று எழுதவில்லை. அம்மா இங்கே என்னோடுதான் இருக்கிறா. அவவுக்கும் அந்தப் படத்தைக் காட்டவில்லை.

அம்மாவுக்கு ஒரேயொரு தம்பி. சண்டைக் காலத்தில், களவாக வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்து, கொழும்பிலிருந்து புறப்பட்டு எங்களிடம் வந்துகொண்டிருந்தார். வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள், வந்துகொண்டிருக்கிறார் என்று. வழியில் ஏதோவொரு குளிர் தேசத்திலிருந்து ஒருமுறை தொலைபேசி எடுத்து, இன்னும் இரண்டு கிழமையில் அக்காவின் கையால் சோறு சாப்பிடுவேன் என்றாராம். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் இரண்டு வகுப்பு ஏறிவிட்டேன், மாமா இன்னும் வந்துகொண்டிருந்தார்.

கடைக்கு மேலே எங்களுக்கு இரண்டு அறை. பெரியதில் அப்பாவும் அம்மாவும், மூலையில் மடக்குக் கட்டிலில் நானும். குளத்தைப் பார்த்த சின்ன அறை மாமாவுக்கு. வராத மனிசனுக்கு அறை, இருக்கிற எனக்கு மடக்குக் கட்டிலா என்று எனக்குக் கொதி வரும். சனிக்கிழமை தோறும் அம்மா அந்தக் கட்டிலின் விரிப்பை மாற்றுவா. ஒருவரும் படுக்காத விரிப்பை ஏன் தோய்க்கிறீர்கள் என்று கேட்டு ஒருநாள் நல்லாக வாங்கிக் கட்டினேன். அலுமாரிக்குள் மாமாவுக்கென்று வாங்கிய நீலக் கோட்டும் ஒரு சோடி சப்பாத்தும் இருந்தன. விலைச்சீட்டுக்கூடக் கழற்றவில்லை.

அந்த ஊரில் ஆனி மாதத்தில் ஒரு கிழமை வெருளிக் கிழமை. வயலில் குருவி விரட்ட வைக்கிற வெருளியை வீட்டுக்கு வீடு செய்து வாசலில் வைப்பார்கள். கழுத்தில் வேடிக்கையான பெயர் எழுதி ஓர் அட்டை தொங்கும். முதற்பரிசு எடுக்கிற வீட்டுப் பிள்ளை டிராக்டரில் ஏறி ஊரைச் சுற்றி வரலாம். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த டிராக்டருக்காக நான் எதுவும் செய்திருப்பேன், செய்தும் விட்டேன். விற்காமல் மிஞ்சிய பேப்பர்களைக் கசக்கித் திணித்து, தலையணை உறையில் மீசை கீறி, நீலக் கோட்டையும் சப்பாத்தையும் மாட்டி, கடைவாசலில் ஒரு கதிரையில் வெருளியை இருத்தினேன். அடி விழும் என்று தெரியும். விழுந்தால் விழட்டும் என்றிருந்தேன்.

அம்மா அடிக்கவில்லை. பால் பெட்டியோடு வாசலுக்கு வந்தவ அப்படியே நின்றா. பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினா. தோளைத் தடவிப் பார்த்தா. "அளவாத்தான் இருக்குது" என்று சொன்னா. எனக்குச் சொல்லவில்லை. 'உருளைக்கிழங்குப் பிரபு' என்று நான் எழுதிவைத்த அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் மாமாவின் முழுப்பெயரைத் தகப்பன் பெயரோடு ஆங்கிலத்தில் எழுதிக் கட்டிவிட்டா. அதில் என்ன வேடிக்கை இருக்கிறது? வந்துபோன சனத்துக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவே இல்லை. பரிசு பால்பண்ணைக்காரர் வீட்டுக்குப் போனது. இரண்டு நாள் நான் அம்மாவோடு கதைக்கவில்லை. அவ அதைக் கவனித்தாவோ தெரியாது.

மழை வந்தபோதுதான் கூத்து. கடை நிறைய ஆட்கள் நிற்க, அம்மா ஓடிப்போய் வெருளியைத் தூக்கிவந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் இருத்தினா. பேப்பர் வாங்க வந்த கிழவர் ஒருவர், உங்கள் விருந்தாளிக்கு ஒரு தேத்தண்ணி கொடுங்களேன் என்று பகிடி விட்டார். அம்மாவும் சேர்ந்து சிரித்தா. அப்பா மட்டும் கிட்டே போய், "இஞ்சாரும், காணும், விடும்" என்று மெல்லச் சொன்னார்.

அடுத்த கிழமை வரலாற்றுச் சங்கத்து அம்மையார் கடைக்கு வந்தா. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து இளைப்பாறிய ரீச்சர். முழங்கால் வரை சப்பாத்து, பின்னால் ஒரு கிழட்டு நாய். எங்கள் கடை ஒருகாலத்தில் கொல்லன் பட்டறை என்று எனக்குச் சொன்னதே அவதான். கொல்லன், அவனுடைய ஏழு பிள்ளைகள், பிறகு ஒரு சப்பாத்துத் தைக்கிறவர், இனிப்பு விற்ற ஒரு விதவை என்று எங்கள் கூரைக்குக் கீழே இருந்த எல்லாரையும் தேவாலயப் பதிவிலிருந்து பொறுக்கி எடுத்து வைத்திருந்தா. இனி உங்கள் முறை என்று ஒரு படிவத்தை மேசையில் வைத்தா. "இந்த ஊரில் இருந்த ஒருவரையும் நாங்கள் தொலைத்ததில்லை" என்று பெருமையாகச் சொன்னா.

பாண் அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. எல்லாரையும் எழுதவேண்டுமா என்று தன்னுடைய ஆங்கிலத்தில் கேட்டா. இந்த வீட்டுக்கு உரிய எல்லாரையும் என்று அம்மையார் சொன்னா.

எங்கள் வீட்டில் படிவம் என்றால் அது என் இலாகா. வங்கிக் கடிதம், வைத்தியசாலைக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம் எது வந்தாலும் நான்தான் வாசித்துச் சொல்வேன். அவர்கள் எழுதியதை நான்தான் சரிபார்ப்பேன். வெளிநாட்டில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் பலருக்கும் இந்த உத்தியோகம் தெரியும். அதனால் வரும் தலைக்கனமும் தெரியும். அம்மையார் வீட்டில் கொடுத்துவிடு என்று அம்மா மடித்துத் தந்த படிவத்தை, வழியில் தேவாலய மதிலில் ஏறி இருந்து விரித்துப் பார்த்தேன். அப்பா, அம்மா, நான். நாலாவதாக மாமாவின் பெயர்.

எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. இந்த அம்மா வெருளியின் பெயரைக் கொண்டுபோய் ஊர்ப் புத்தகத்துக்கு எழுதி வைத்திருக்கிறாவே, ஊரே சிரிக்கப் போகிறதே என்று நினைத்தேன். டிராக்டர் போன கோபமும் உள்ளுக்குள் இருந்தது. புத்தகப்பையிலிருந்து கோடு கீறுகிற அடிமட்டத்தையும் சிவப்புப் பேனையையும் எடுத்து, அந்தப் பெயரை நேராக வெட்டினேன். பக்கத்தில், "இது ஆள் இல்லை, வெருளி" என்று என் மிக நல்ல ஆங்கிலக் கையெழுத்தில் எழுதினேன்.

அம்மையார் கண்ணாடிக்கு மேலால் படிவத்தைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. "இது அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டா. அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்றேன். அவ எனக்கு ஒரு பிஸ்கட் தந்தா.

இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்த மதில், அந்தக் குளம், மழைக்குப் பிறகு ஈரக் கல்லில் எழும்புகிற மணம், எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று மனம் கிடந்து அடிக்கிறது. மாமாவுக்கும் ஏங்குகிறேன், முகமே தெரியாத மனிசனுக்கு. உயிரோடு இருக்கிறவர்களின் பட்டியலிலும் அவர் இல்லை, செத்தவர்களின் பட்டியலிலும் இல்லை. அவரை எந்த நாட்டுப் பொலிசும் பிடித்ததாக இல்லை, விட்டதாகவும் இல்லை. உலகத்தில் அவர் பெயர் கடைசியாக எழுதப்பட்டது அந்தப் படிவத்தில்தான்.

அந்த முதற் புத்தகம் அதே வருடம் நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்பு வந்தது. நாங்கள் கடைக்குப் பின்னால் குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா எழும்பிப் போய்க் கை கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, எங்கள் வீட்டுப் பக்கத்தைத் தேடி எடுத்தா. கொல்லனில் இருந்து தொடங்கி விரலை வைத்துக் கீழே இறங்கினா. அப்பா, அம்மா, நான். அதற்குக் கீழே பக்கத்து வீடு. பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வந்தா.

"இதிலை ஒராள் குறையுது" என்று அப்பாவிடம் சொன்னா.

"அதை நான் திருத்திப்போட்டன் அம்மா" என்றேன். "நீங்கள் வெருளியின்ரை பேரை எழுதியிருந்தனீங்கள். ஆள் இல்லை எண்டு நான் பக்கத்திலை எழுதிவிட்டனான்."

அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "பிள்ளை, நீ எழும்பி மேலை போ" என்றார். அவர் அப்படி ஒருநாளும் பேசியதில்லை.

"அவளை ஏன் கலைக்கிறியள்?" என்று அம்மா சொன்னா. கோபம் ஒன்றும் இல்லாத குரல். "பிள்ளை சரியாத்தான் எழுதியிருக்கிறாள்."

அடுத்த சனிக்கிழமை அம்மா மாமாவின் கட்டிலில் இருந்த விரிப்பை எடுத்துத் தோய்க்கப் போட்டா. அதற்குப் பதிலாக என்னுடைய முயல் படம் போட்ட விரிப்பை விரித்தா. என் புத்தகங்களையும் உடுப்புகளையும் தானே தூக்கிவந்து அலுமாரிக்குள் அடுக்கினா. எல்லாம் முடிந்ததும், "இனி இது உன்ரை அறை" என்று சொல்லிவிட்டுக் கீழே போனா. அன்றைக்குக் கடையை அப்பா தனியாகத்தான் பார்த்தார். அம்மா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. எனக்கு அதை யோசிக்க எங்கே நேரம், புதுக் கட்டிலில் துள்ளிக்கொண்டிருந்தேன். பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தின கெட்டித்தனத்துக்கு அம்மா தந்த பரிசு அந்த அறை என்று நினைத்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன்.