எதிர்ச் சரிவில் மாரிச்சாமி அண்ணன் நட்டது

மாரிச்சாமி அண்ணன் இறந்துவிட்டார். காலை டூட்டி பஸ்ஸுக்கு எழுப்பியிருக்கிறார்கள், எழுந்திருக்கவில்லை. ஜெபல் அலி கேம்ப்பில், ரூமில், தூக்கத்திலேயே...

ஹார்ட் அட்டாக் என்கிறார்கள். ஐம்பத்திரண்டு வயது. பாடியை மதுரைக்கு அனுப்பப் பேப்பர் வேலை நடக்கிறது.

இதைப் படிப்பவர்களில் அவரைத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். ராஸ் அல் கைமா மலையில் நான் சேஃப்டி ஆபீசராக இருக்கும் கல் குவாரியில் லோடர் ஓட்டியவர். விளாத்திகுளம் பக்கம். மலையை உடைத்து அள்ளுவதுதான் எங்கள் எல்லோருக்கும் சோறு, அவருக்கும்தான்.

லோடர் திடீரென்று நடு ரோட்டில் நிற்கும். பின்னால் நாலு டிப்பர் ஹாரன் அடிக்கும். என்னவென்று போய்ப் பார்த்தால், ஒரு ஓணான் ரோட்டைக் கடந்துகொண்டிருக்கும்.

அந்த மலை ஓணான் வெயில் ஏற ஏற நீலமாகும். ஆறு வருஷம் அதே மலையில் சம்பளம் வாங்கியும், அவர் காட்டும்வரை நான் பார்த்ததில்லை.

"சின்னதுல எத்தனை ஓணான அடிச்சிருப்போம் சார்... இது போகட்டும்" என்பார். பின்னால் பாகிஸ்தான் பட்டாணி டிரைவர்கள் "ஜல்தி பாய், ஜல்தி" என்று கத்துவார்கள். மனுஷன் அசைய மாட்டார்.

அப்புறம் அந்தச் செடி.

பாறை இடுக்கில் இலையே இல்லாமல், பட்டை பட்டையாக, விரல் நீட்டியதுபோல் நிற்கும். ஊரில் கள்ளிமுளையான் பறித்துத் துவையல் அரைப்போமே, "அதுக்கு இது ஒண்ணுவிட்ட தம்பி சார்" என்பார்.

கருஞ்சிவப்பில் பொடிப் பூ, செத்த எலி நாற்றம். அந்த நாற்றத்துக்குத்தான் ஈ வரும், ஈ மொய்த்தால்தான் காய் பிடிக்கும் என்று அவர் விளக்குவார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பேன்.

அடுத்து வெடிக்கப்போகும் இடத்தை முந்தின நாளே பெயின்ட்டில் குறி போட்டு வைப்போம். குறிக்குள் இருக்கும் செடிகளை அவர் வேரோடு தோண்டிச் சாக்கில் போட்டு, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எதிர்ச் சரிவில் கொண்டுபோய் நடுவார். பிரேக் டைமில், சாப்பாட்டை விட்டுவிட்டு. பெர்மிட் இல்லாமல் சரிவில் ஏறியதற்கு இரண்டு வார்னிங் லெட்டர் நானே கொடுத்திருக்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம் வெடிக்கு சைரன் அடித்தாகிவிட்டது. எல்லோரும் தூரத்தில் ஒரே இடத்தில் கூடி, ஹெட் கவுண்ட் சரியாக இருந்தால்தான் வெடி. நாற்பத்தொரு பேர் இருக்க வேண்டும்... நாற்பது பேர்தான் இருந்தார்கள்.

இருபது நிமிஷம். ரேடியோவில் கத்திக் கத்தி என் தொண்டை போய்விட்டது. அப்புறம் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். இன்னும் ரெண்டு தூர்தான் பாக்கி கிடந்தது என்றார்.

அத்தனை பேர் முன்னாலும் என் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் செத்திருப்பார் அன்றைக்கு. மூன்றாவது லெட்டர் எழுதினேன். இன்றைக்கு நடந்தாலும் எழுதத்தான் செய்வேன், அதில் எனக்குக் குழப்பம் இல்லை.

மூன்று லெட்டர் என்றால் சைட்டில் இருக்க முடியாது. ஜெபல் அலி யார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கன்டெய்னர், தார் ரோடு, ஃபோர்க்லிஃப்ட்.

போகும்போது கோபமே இல்லை அவருக்கு. "தப்புதான் சார், நீங்க எழுதாம யாரு எழுதுவா. அந்தப் பக்கத்த மட்டும் அப்பப்ப பாத்துக்கிடுங்க" என்றார். சரி என்றேன்.

மாதம் ஒரு தடவை போன் வரும். பூத்திருக்கிறதா என்று கேட்பார். பூத்திருக்கு அண்ணே என்பேன். ஈ மொய்க்குதா? மொய்க்குது அண்ணே.

பத்து நிமிஷ நடை. அந்த மாதங்களில் ஒரு தடவைகூட நான் போய்ப் பார்க்கவில்லை.

பிறகு அடுத்து வெடிக்கும் இடங்களுக்குப் புது டிராயிங் வந்தது. எதிர்ச் சரிவும் அதில் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. ஜனவரியில் வெடித்தோம்.

மார்ச்சில் ஒரு போட்டோ கேட்டார். என் போனில் கிடந்த பழைய படம் ஒன்றை அனுப்பினேன், அவர் இங்கே இருந்தபோது எடுத்தது. செடி செடிதானே, எங்கே இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

பத்து நிமிஷத்தில் வாய்ஸ் நோட் வந்தது. "சார்... இது நம்ம பழைய இடத்துக் கல்லுல்லா?" அப்புறம் அவரே, "சரி சார். கெடக்கட்டும்."

அதற்குப் பிறகும் மாதாமாதம் கூப்பிட்டார். என் மகளின் பரீட்சை பற்றிக் கேட்டார், வெயில் பற்றிப் பேசினார். செடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது எனக்கு. வெட்கமாக இருக்கிறது இதை எழுத.

அண்ணே, ஒன்று சொல்லாமல் விட்டேன்.

வெடிக்கு முந்தின நாள் குறி போட அந்தச் சரிவில் ஏறினேன். நீங்கள் நட்டது அத்தனையும் பிடித்திருந்தது. பாறைக்குப் பாறை பூ. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது அண்ணே, நிஜமாகவே.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒரு தூரைக்கூடத் தோண்டவில்லை. குறி போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

போய் வாருங்கள் அண்ணே...