காருக்கடியில் விரித்த அட்டை

கியர் ஆயிலின் வாசனை தெரியாதவர்களுக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கருகிய பூண்டையும் தீப்பெட்டி மருந்தையும் சேர்த்து அரைத்ததுபோல முதலில் மூக்கைக் குத்தும், பிறகு தொண்டைக்குள் இறங்கி அன்று முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். எஞ்சின் ஆயில் இப்படி நாறாது. பத்து வயதில் இந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லக்கூடிய பெண்பிள்ளை ஏற்காட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன், அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அந்த மூக்கை நல்லதுக்குப் பயன்படுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அப்பாவை நாங்கள் "அத்தா" என்றுதான் கூப்பிடுவோம். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் மளிகைக்கடை வைத்திருந்த அத்தாவிடம், ஏதோ ஒரு எஸ்டேட் மேனேஜர் ஓட்டி ஓய்ந்துபோன வெளிர்நீலக் கார் ஒன்று இருந்தது. கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அது நிற்கும். ராத்திரி கடையைப் பூட்டியதும் பிஸ்கட் பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து, அந்த அட்டையைக் காருக்கடியில் தள்ளிவிட்டுத்தான் அத்தா சாப்பிட உட்காருவார். விடியற்காலைத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து வந்தவுடன் அதை வெளியே இழுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். முன்பக்கம் கறுப்பாகச் சொட்டியிருந்தால் எஞ்சின், நடுவில் தேன் நிறத்தில் சொட்டியிருந்தால் "கியர் பொட்டி" என்று எனக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். "வண்டி வாயைத் தொறந்து சொல்லாது கண்ணு, நாமதான் பாத்துக்கோணும்" என்பார். "பாய் காருக்கு ஜாதகம் பாக்கறாருங்க" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள், அத்தா சிரித்துக்கொள்வார். ஆனால் அதில் நியாயம் இருந்தது. அந்த நாளில் மலையில் பஞ்சர் ஒட்ட ஆள் உண்டு, கியர் பெட்டியில் கைவைக்க ஆள் கிடையாது. எதுவானாலும் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும், நடுவழியில் நின்றுவிட்டால் காட்டோடு காடாக நிற்க வேண்டியதுதான்.

எனக்கு ஏழு வயது மூத்தவள் ஹசீனா அக்கா. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கி, சேலத்தில் ஆத்தூர் சாலையில் இருந்த ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும், பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைத் தாண்டியதில்லை. அக்கா அந்தக் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினாள். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு எங்கள் வீட்டுப் படிக்கட்டிலேயே கணக்குச் சொல்லித் தந்துகொண்டிருந்தவள் அவள்; கணக்கு வராத பிள்ளைகூட அவளிடம் அடி வாங்காமல் கற்றுக்கொண்டுவிடும்.

போகும் விஷயத்தில் அத்தா ஒரு ஏற்பாடு சொன்னார். "வண்டி நல்லா இருந்துச்சுன்னா கீழ குப்பனூர் வழியா எறங்கிரலாம், நீயும் வா சாமி. ஏதாச்சும் கோளாறு தெரிஞ்சுதுன்னா நானும் அக்காளும் மொத நாளே பஸ்ல போயி சேலத்துல மாமு ஊட்ல தங்கிக்கிறோம், நீ அம்மாகூட இரு." என்னை விட்டுவிட்டுப் போவதற்குக் காரணம் இருந்தது. பஸ்ஸில் ஏறினால் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்துப் பக்கத்தில் இருப்பவர்களின் புடவையை நாசமாக்குகிறவள் நான்; காரில் முன்சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் ஒன்றும் செய்யாது. சேலத்தைப் பெருநாள் துணி எடுக்க வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பதோடு சரி. வகுப்பில் எல்லோரிடமும் வியாழக்கிழமை லீவு என்று பீற்றிக்கொண்டும் ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை விடிகாலை நான் கொட்டகைக்குப் போனது எதற்கென்று இப்போது நினைவில்லை. அட்டையின் நடுவில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கறை. குனிந்து மோந்து பார்த்தேன், சந்தேகமே இல்லை. அத்தா வருவதற்குக் கால்மணி நேரம் இருந்தது. கடைக்குப் பின்னால் காலிப் பெட்டிகளுக்கா பஞ்சம்? அதே பிஸ்கட் பெட்டியில் இன்னொன்றைப் பிரித்து, லேசாக மண்ணைத் தேய்த்து, காருக்கடியில் தள்ளிவிட்டு, பழையதை வெந்நீர் அடுப்பில் திணித்துவிட்டேன். "என்னடி இப்படி நாறுது?" என்று அம்மா மட்டும் கேட்டாள். புதன்கிழமை கறை அப்பளம் அளவுக்கு இருந்தது. அன்றைக்கும் மாற்றினேன். வியாழக்கிழமை அது தோசை அளவுக்கு வளர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் பயம் வந்ததென்னவோ உண்மை, ஆனால் புதுச்செருப்பைப் போட்டுக்கொண்டாயிற்று, அதையும் மாற்றினேன். மூன்று நாளும் அத்தா சுத்தமான அட்டையைத் தூக்கிப் பார்த்து, "வண்டி நம்மள மாதிரியே நல்லா இருக்குது" என்று சந்தோஷப்பட்டார்.

அம்மா கடையில் உட்கார, நாங்கள் மூவரும் ஏழு மணிக்குக் கிளம்பினோம். அக்கா சான்றிதழ்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் இருந்தாள். காப்பித் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கி, இறக்கத்தில் நாலைந்து வளைவு திரும்பியிருப்போம், காருக்குள் ஈ மாட்டிக்கொண்டதுபோல ஒரு முனகல் கேட்டது. அது சீக்கிரமே ஊளையாக மாறியது. அதற்கு முன்பே வாசனை எனக்கு வந்துவிட்டது, வாயைத் திறக்கவில்லை. அடுத்த வளைவில் இரண்டாவது கியரிலிருந்து கம்பி வெளியே வர மாட்டேன் என்றது, உள்ளே இரும்பு இரும்பை அரைக்கும் சத்தம். அத்தா ஓரமாக நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, வெள்ளை வேட்டியோடு ரோட்டில் படுத்து அடியில் பார்த்தார். எழுந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. "நேத்து வரைக்கும் ஒரு சொட்டு இல்லியே" என்றார் அக்காவிடம். "காலையிலகூடப் பாத்தனே."

கியரே இல்லாமல் உருட்டிக்கொண்டு இறங்கலாமென்றால் அந்தச் சரிவில் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. காலை பஸ் எங்களுக்கு முன்பே போய்விட்டது, அடுத்தது மத்தியானம்தான். அரைமணி நேரம் கழித்துத்தான் ஒரு மொபெட் சத்தம் கேட்டது. வாழவந்தி ஊர்க்காரர் கோவிந்தன், எங்கள் கடைக்கு மிளகு கொண்டுவருகிறவர், அந்தப் பக்கம்தான் அவருடைய தோட்டமும் வீடும் இருந்தன.

"ஏனுங்க பாய், வண்டி மக்கர் பண்ணுதுங்களா?" என்று இறங்கி வந்தவர் விஷயத்தைக் கேட்டதும், "பெரிய பாப்பாவை நான் வேணா பின்னாடி உக்கார வெச்சுக் குப்பனூர்ல கொண்டுபோயி பஸ் ஏத்தி உட்டுறனுங்க, பத்து மணிக்குப் போயிரும்" என்றார்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்துவிட்டாள். அத்தா அவளைப் பார்த்தார், மொபெட்டைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "வேண்டாங்க கோவிந்தா. உங்கள எனக்குத் தெரியும், பாக்கறவங்களுக்குத் தெரியாதுங்களே. வயசுப் புள்ள, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. நாங்க சேந்தே போயிக்கிறோம்." அக்கா பையோடு திரும்பிக் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஊற்றுவதற்கு எண்ணெய் வேண்டுமே என்ற பேச்சு வந்தபோது கோவிந்தன் தலையைச் சொறிந்துகொண்டே, "கொட்டமுத்து ஆட்டுன வெளக்கெண்ணெ ஊட்ல இருக்குதுங்க. நொம்பக் கெட்டி. அது ஆகுங்களா?" என்றார். அத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விளக்கெண்ணெய் எடுக்கப் போனவர் திரும்பி வருவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, அவர் மனைவி சாவியோடு தோட்டத்துக்குப் போயிருந்தாளாம். கூடவே துணி சோப்பும் நூலும் கொண்டுவந்தார். கசிகிற இணைப்பைத் துடைத்துக் காயவைக்க அக்கா தன் புதுத் தாவணியின் முந்தியைக் கிழித்துக் கொடுத்தாள். அத்தா நூலைச் சோப்போடு பிசைந்து மெழுகுபோலாக்கி, படுத்தபடியே விரலால் அழுத்தி அழுத்தி விளிம்பு முழுக்க அடைத்தார். பிறகு கியர் கம்பிக்குப் பக்கத்தில் கால்மிதியைத் தூக்கி, ரப்பர் மூடியைக் கழற்றி, நோட்டுத்தாளைப் புனலாகச் சுருட்டி எண்ணெயை ஊற்றினார். அது இறங்குகிற வேகத்தில் இறங்கியது. நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து அக்காவின் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இன்னொரு பக்கம் சமாதானமும் சொன்னது.

கம்பி விடுபட்டு, கார் முனகிக்கொண்டே நகர்ந்தபோது கோவிந்தன் கைதட்டினார். காட்டு வழியில், ஒரு மெக்கானிக்கின் வாசனையே இல்லாத இடத்தில், சோப்பையும் விளக்கெண்ணெயையும் வைத்துக்கொண்டு அத்தா அந்தக் காரை ஓட வைத்தது எப்போது நினைத்தாலும் ஆச்சரியம்தான். ஆனால் பயிற்சிப் பள்ளியின் வாசலில் நாங்கள் போய் நின்றபோது மணி பன்னிரண்டரை. பெயர் இரண்டு முறை கூப்பிடப்பட்டுவிட்டதாம். எண்ணெய்க் கறைபடிந்த வேட்டியோடு அத்தா அந்த அலுவலக மேசைக்கு முன்னால் நின்று "மலையிலிருந்து வர்றோமுங்க, வண்டி நின்னு போச்சுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மேசைக்கு அந்தப்புறம் இருந்தவர் கெட்டவரில்லை. அடுத்த வருஷம் போடச் சொன்னார். அக்கா அழவில்லை. வெளியே வந்ததும் அத்தாதான், "எங்கண்ணு அவிஞ்சு போச்சும்மா. மூணு நாளும் நாந்தானே பாத்தேன்" என்றார். நான் இரண்டடி தள்ளி நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷத்துக்குள் சேலம் கோட்டைப் பகுதியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். நல்ல இடம், நல்ல மச்சான், குறை சொல்ல ஒன்றுமில்லை. படிப்பைப் பற்றி மட்டும் யாரும் பிறகு பேசவில்லை. அத்தா காருக்கடியில் அட்டை விரிப்பதை நிறுத்திவிட்டார், கொஞ்ச நாளில் காரையும் விற்றார். நான் கல்லூரியில் சேரும்போது ஒரு நாள் முன்னதாகவே என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு இறங்கி, வழியெல்லாம் எனக்குப் பிளாஸ்டிக் பை பிடித்துக்கொண்டு வந்தார். இன்றைக்கு நான் ஒரு பள்ளியில் ஆசிரியை. இதை எழுதும்போது கை கூசத்தான் செய்கிறது. இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்று உண்டு: அன்று அக்காவை மொபெட்டில் அனுப்பியிருந்தால் இடம் கிடைத்திருக்கும், அனுப்பாதது அத்தாதானே, என் அட்டையா தடுத்தது?

இப்போது ஏற்காட்டில் கார்களுக்குப் பஞ்சமில்லை. வழியில் நின்றாலும் போன் போட்டால் சேலத்திலிருந்து வண்டியைத் தூக்கிப் போக வண்டி வருகிறது; கோளாறு என்றால் ஓட்டுகிறவர் முன்னாலேயே சிவப்பு விளக்கு எரிகிறது. எங்கள் கடை இருந்த இடத்தில் சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் அறைகள் வந்துவிட்டன, தகரக் கொட்டகை இருந்த இடம் அவர்கள் கார் நிறுத்துமிடம். கோவிந்தன் இறந்துவிட்டார். அத்தாவும் மவுத்தாகி ஆறு வருஷம் ஆகிறது.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று அட்டைகளையும், வெந்நீர் அடுப்பையும், என் மொபெட் சமாதானத்தையும்கூட விடவில்லை. பேரனுக்கு வாய்ப்பாடு சொல்லித் தந்துகொண்டிருந்தவள் அவனை உள்ளே அனுப்பிவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"அத்தாகிட்ட இதச் சொன்னியா?"

"இல்லக்கா."

பேரனின் வாய்ப்பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு கோபமே இல்லாமல் சொன்னாள்:

"எங்கிட்டச் சொல்லாட்டிப் போகுது கண்ணு. அவருகிட்டச் சொல்லியிருக்கலாமே. மவுத்தாகறதுக்கு ரெண்டு நாளு முன்னாடிகூட அன்னிக்கு வண்டியச் சரியாப் பாக்கலேன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டு மாப்புக் கேட்டாரு."