அம்மாவின் ரத்தத்துக்கு ஒரு வரைபடம்

"நாலு எழுத்து படிச்சிட்டா நீ இன்னா டாக்டரா? எனுக்கு சக்கர இல்லன்னு நர்சம்மாவே சொல்லிட்டாங்க!"

அம்மா என் கையிலிருந்த ரிப்போர்ட்டைப் பிடுங்கி, ரேஷன் அட்டை வைக்கும் பிளாஸ்டிக் பைக்குள் திணித்தாள்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் அவளுக்கு வேலை. வருடம் ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை குறைவாகக் காட்டட்டும் என்று முந்தின நாள் கேன்டீன் பெண்கள் யாரும் சோற்றையோ டீயையோ தொடமாட்டார்கள். மற்ற நாட்களில் காலை நாஷ்டா கிடையாது. எல்லோருக்கும் ஊற்றிய பிறகு கேனின் அடியில் பாகுபோல் மிஞ்சும் டீயும், ஆறிப்போன போண்டாவும்தான். சர்க்கரை நோயால் பெரியம்மாவின் கால்விரலை எடுத்ததிலிருந்து அம்மாவுக்கு அந்த ஒரு எண் சரியாக இருந்தால் போதும். மற்ற எண்களைப் பற்றிக் கேட்கவே மாட்டாள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், உயரட்டும். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அங்கே முதலில் கற்றது இதுதான்: அளவு எல்லைக்குள் இருக்கிறது என்று சும்மா இருக்கக் கூடாது. தொடர்ந்து ஒரே பக்கமாக நகர்ந்தால், எல்லையைத் தாண்டும் முன்பே மிஷினை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அம்மா வேலைக்குப் போனதும் மூன்று வருட ரிப்போர்ட்டுகளையும் எடுத்து வரைபடத் தாளில் புள்ளி வைத்து, எல்லைக்குச் சிவப்புக் கோடு போட்டேன். சர்க்கரை எல்லைக்குள்தான், ஆனால் ஏறிக்கொண்டே இருந்தது. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு அதைவிட வேகமாக ஏறியிருந்தது. நல்ல கொழுப்போ இறங்கியிருந்தது.

மாலையில் அதைக் காட்டினேன். படிக்கத் தெரியாதவள் ஒரே பார்வையில் கேட்டாள்: "இது இன்னாடி, மேல போய்க்கினே கீது?"

"உன் சக்கரம்மா. இந்தச் செவப்புக் கோட்டத் தாண்டிக்கினே போனா, பெரியம்மா நெலமதான்."

"இன்னும் தாண்டலியே?"

"அதான் இப்பவே வான்றேன்."

மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தாள். டாக்டரம்மா வரைபடத்தைப் பார்த்துவிட்டு, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

"முந்தின நாளு பட்டினி கெடக்கணுமா?" என்றாள் அம்மா.

"கெடந்தாலும் இது ஏமாறாதும்மா" என்று அவர் சிரித்தார்.

முடிவு வந்தபோது, அந்தச் சராசரி அதற்கான கோட்டைத் தொட்டுத் தாண்டியிருந்தது. சர்க்கரை நோய் இல்லை, அதற்கு முந்தைய நிலை. கொழுப்பு இப்படி நிலைமாறி இருப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து அதிகம், ஆனால் இங்கிருந்து திரும்பி வர முடியும் என்றார் டாக்டரம்மா.

அதன்பின் கேன்டீனில் சர்க்கரை போடும் முன்பே தன் டம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டாள். வீட்டிலிருந்து சுண்டல் கட்டிக்கொண்டு போனாள். வேலை முடிந்ததும் கூட இரண்டு பெண்களை இழுத்துக்கொண்டு நடந்தாள். போண்டாவை யாராவது நீட்டினால், "ஐயோ, எம் பொண்ணு கோடு போட்டுக்கினு வந்துடுவா" என்பாளாம்.

நான்கு மாதம் கழித்துப் புதுப் புள்ளிகள் வைத்தோம். டிரைகிளிசரைடு நன்றாக இறங்கியிருந்தது. மூன்று மாதச் சராசரி ஒரு மயிரிழை கோட்டுக்குக் கீழே வந்திருந்தது. நல்ல கொழுப்பு மட்டும் அசையவில்லை. அதற்கு நாளாகும் என்றார் டாக்டரம்மா.

அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் எங்கோடுதான் கீது. உங்கோடு எங்கடி? ஷிப்டுக்கு ஷிப்டு பரோட்டாவும் ஜூசுமா துன்னுகினு கீறியே, உனுக்கு ரத்தம் ஓடல?"

என் ரத்தத்தை நான் பரிசோதித்ததே இல்லை.

நேற்று எதையும் குறைக்காமல், வழக்கம்போலச் சாப்பிட்டேன். இன்று காலை வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். பஞ்சு இன்னும் முழங்கை மடிப்பில் இருக்கிறது. சுவரில் அம்மாவின் தாளுக்குப் பக்கத்தில் புதுத் தாள் ஒட்டி, சிவப்புக் கோடும் போட்டாயிற்று.