துரை விட்டுவிட்ட கடைசிக் காட்சி

பர்மாவில், எங்கள் லத்தா பேட்டையில் ஒரு டீக்கடையின் மாடியில் ஞாயிறுதோறும் கூடிப் படிப்பது எங்கள் வழக்கம். பேச்சு பாதி பர்மியம், பாதி தமிழ். அந்த மழைக்காலத்தில் நான் ஒரு ரோமானியப் பெருங்காவியத்தைப் பர்மியத்தில் பெயர்த்து வாசித்து வந்தேன். ஊரை இழந்து கப்பலேறிய வீரன் ஒருவன் இத்தாலிக் கரையில் இறங்கி, அங்கிருந்தவர்களோடு போரிட்டுத் தன் வம்சத்தை ஊன்றும் கதை. நன்றாகவே பெயர்த்திருந்தேன், அதில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது.

வினை முன்னுரையால் வந்தது. நடைபாதைக் கடையில் நான் வாங்கியது வெள்ளைக்காரர் காலத்துப் பள்ளிப் பதிப்பு. ரோமர்களுக்கு எல்லையில்லாத ஆட்சியைக் கடவுளே கொடுத்தார், இன்று அந்தக் கடமை நம் தோளில் என்று ஒரு துரை அதில் எழுதிவைத்திருந்தார். வேடிக்கையாக இருக்கட்டும் என்று அதையும் வாசித்துத் தொலைத்தேன். யாரும் சிரிக்கவில்லை.

எங்களில் மூத்தவர் ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர். பெரிய வாத்தியார் என்ற பொருளில் எல்லோரும் சயாஜி என்போம். நானும் டீச்சராக இருந்தவள், அதனால் சயாமா.

"சயாமா, நம்ம ராஜாவோட மண்டலே அரண்மனையைப் பிடிச்ச வெள்ளைக்காரன் சட்டைப்பையில இந்தப் பாட்டுத்தான் இருந்திருக்கும். இத்தோட நிறுத்திக்குவோம்" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை மாத உழைப்பு! "படிச்சவன் திருடன்னா பாட்டு என்ன பண்ணும்? ஒரு வாரம் குடுங்க" என்றேன்.

அந்த வாரம் முழுப் பதிப்பு ஒன்றை இணையத்தில் தேடிப் பிடித்தேன். என் புத்தகத்தில் முடிவு அறுந்து நிற்பதுபோல் எனக்கிருந்த சந்தேகம் சரி. துரையின் பதிப்பு வெற்றி உறுதியானதோடு நின்றுவிடுகிறது. கடைசிக் காட்சி அதில் இல்லை.

அடுத்த ஞாயிறு அதை மட்டும் வாசித்தேன். கரைவாசிகளின் தலைவன் தோற்று, காயத்தோடு மண்டியிட்டு, கையை நீட்டி, என் வயதான அப்பாவை நினைத்துப் பார் என்று கெஞ்சுகிறான். வீரன் தயங்குகிறான். பிறகு, தன் இளம் நண்பனைக் கொன்றவன் இவன் என்ற ஆத்திரம் தலைக்கேற, குத்திவிடுகிறான். காவியம் அதோடு முடிகிறது.

"கடோ பண்ணினவனையா?" என்று ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியவர் முன் மண்டியிட்டுக் கும்பிடுவதை இங்கே கடோ என்பார்கள். கும்பிட்டவரை ஆசீர்வதித்துத்தான் அனுப்ப வேண்டும். மறுத்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை. அதற்குமேல் அந்த அறையில் வீரன் பக்கம் ஒருவரும் இல்லை. துரை ஏன் இதை விட்டார் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சயாஜி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "முதல்லேருந்து படிங்க சயாமா. இந்தத் தடவை கரையில இருந்தவங்க பக்கம் உக்காந்து கேப்போம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே ஒன்று உறுத்தியது. என் கொள்ளுத்தாத்தா இந்த ஊருக்கு வந்தது அந்தத் துரைமார்களின் பட்டாளத்துக்கு மூட்டை சுமக்க. அதை யாரும் கேட்கவில்லை. மரியாதைக்காரர்கள், கேட்கவும் மாட்டார்கள். நானே சொன்னேன்.

"எங்க ஆளுங்க கப்பல்ல வந்தவங்க, சயாஜி."

"தெரியும். அதனாலதான் நீங்க படிக்கணும்."