சுற்றினால் பாஸ்

ஒன்றரை மாதத்துக்கு முன்பு, ஒரு டாக்டரம்மா என் காதுகளில் நான்கு முறை தண்ணீர் ஊற்றினார். இரண்டு முறை குளிர்ந்த நீர், இரண்டு முறை வெந்நீர். எல்லாம் என் சம்மதத்தோடுதான்.

விஷயம் இதுதான். நாற்காலியிலிருந்து எழுந்தால் அறை மெல்லக் கிளம்பிவிடும். எழுதுகிறவனுக்குத் தலை சுற்றுவது சகஜம் என்று சும்மா இருந்தேன். 'படிக்கிறவனுக்குத்தானே சுற்ற வேண்டும், உனக்கு ஏன்?' என்று கேட்டு, ஒரு நண்பர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

பெஞ்சில் என் பக்கத்தில் காக்கிச் சட்டை. பெயர் பெரியகருப்பன். மேலூர் - மதுரை பிரைவேட் பஸ் டிரைவர். இருபது வருஷ சர்வீஸ்.

"தலையச் சடக்குனு திருப்புனா ஒரு ஆட்டம்ணே. வாயி சும்மா இருக்காம கண்டக்டர்கிட்டச் சொல்லிப்புட்டேன். அவன் மொதலாளி காதுல போட்டுட்டான். சர்ட்டிபிகேட் இல்லாம ஸ்டீரிங்கத் தொடாதேன்னுட்டாரு. இவுக கையெழுத்துப் போடலேன்னா எம் பொழப்புப் போச்சு."

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள்.

நம்மை நிமிர்த்தி நிறுத்துகிற ஒரு சங்கதி காதுக்குள் இருக்கிறதாம். தண்ணீரின் சூடோ குளிரோ பட்டால் அது ஏமாந்துபோய், சும்மா படுத்திருக்கிற ஆசாமி சுற்றுவதாக நினைத்துக்கொள்ளும். கண் தானாகத் துடிக்கும். எத்தனை நேரம் துடிக்கிறது என்று ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்ப்பார்கள். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான் - கட்டில் ராட்டினமாகிவிட்டது!

கொடுத்த தட்டில் வாந்தி எடுத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தேன்.

"என்னண்ணே, பெயிலா?" என்றார் பெரியகருப்பன்.

"அப்படித்தான் போலிருக்கு."

"என்ன கேக்குறாக?"

"சுத்துதான்னு கேக்குறாங்க. நான் சொல்லவே வேண்டியதில்லை. வாந்தியே எடுத்துட்டேன்."

"ஏமாந்துட்டீகளேண்ணே!" என்று பரிதாபப்பட்டார். சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, பரீட்சை ஹாலுக்குள் போகிற மாதிரி உள்ளே போனார்.

நான் பெஞ்சில் சாய்ந்துவிட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் கேட்டது.

"சுத்துதா?"

"இல்லைங்க."

அடுத்த காது. "இப்ப?"

"கல்லு மாதிரி இருக்கேன் டாக்டரம்மா."

வெந்நீர் ஊற்றினார்கள். "இப்பவாவது?"

"ம்ஹூம். இன்னொரு செம்பு வேணும்னாலும் ஊத்துங்க."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"பெரியகருப்பன், உங்க ரெண்டு காதும் வேலை செய்யலைன்னு எழுதட்டுமா?"

"ஐயையோ! ஏங்க?"

"நல்ல காதுன்னா தண்ணி பட்டதும் சுத்தணும். உங்களுக்குச் சுத்தவே இல்லையே. அப்புறம் எப்படி பஸ் ஓட்டுவீங்க?"

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, இறங்கிப்போன குரலில்... "டாக்டரம்மா, சுத்துச்சுங்க."

"எம்புட்டு?" டாக்டரம்மாவும் மதுரைக்காரர்தான்.

"மேலூர் பூராவும் சுத்துச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டு, மேல பேன் கொக்கியவே மொறைச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

அங்கேதான் சிக்கல். எதையாவது உற்றுப் பார்த்தால் கண்ணின் துடிப்பு அடங்கிவிடுமாம். இருபது வருஷம் ரோட்டை உற்றுப் பார்த்த கண் அல்லவா? எதையும் உற்றுப் பார்க்க முடியாதபடி சோடா பாட்டில் கனத்தில் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு மறுபடி ஊற்றினார்கள். சற்று நேரத்தில், முன்பு நான் எழுப்பிய அதே சத்தம்.

"ரொம்ப நல்லா இருக்கு!" என்றார் டாக்டரம்மா. வாந்தி எடுத்த மனிதரை ஒருவர் பாராட்டியதை அன்றுதான் கேட்டேன்.

பெரியகருப்பனை மட்டும் சொல்லி என்ன? வலிக்கிறதா - இல்லை. பசிக்கிறதா - இல்லை. மனசுக்குக் கஷ்டமா - சேச்சே! யார் என்ன கேட்டாலும் 'ஒண்ணுமில்லை' என்றால் பாஸ் என்றுதானே நாம் பழகியிருக்கிறோம்? ஒளிக்காமல் சுற்றிய என்னை அவர் ஏமாளி என்றார். நானும் தலையாட்டினேன்... ஆட்டும் நிலையில்தான் அப்போது தலையும் இருந்தது.

என் காதுகள் பழுதில்லையாம். பிளட் பிரஷர் பார்க்க அடுத்த கட்டடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வேறு பெஞ்ச்.

பெரியகருப்பனுக்கு அன்று கையெழுத்துக் கிடைக்கவில்லை. "காது செத்துப் போகலை. ஆனா தலையைத் திருப்பும்போது வர்ற ஆட்டம் நிக்கணும். அதுவரை ஸ்டீரிங் கூடாது. ஒரு மாசம் கழிச்சு வாங்க. அப்பவாவது உள்ளதைச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார் டாக்டரம்மா. போகும்போது பெரியகருப்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்று மேலூர் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடமில்லை. முன்னால் போய் நின்றால், ஸ்டீரிங்கில் அவர்!

"கையெழுத்து வாங்கியாச்சுண்ணே. இப்ப ஆட்டம் சுத்தமா இல்ல. இந்தத் தடவை நெசமாவே இல்ல" என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒத்தக்கடை தாண்டியதும் ஒரு எருமை குறுக்கே வந்தது. பிரேக்! பஸ் நின்றது, எருமை பிழைத்தது, நான் பானெட்டின் மேல் கிடந்தேன்.

"அண்ணே, சுத்துதா?"

"சுத்துதுய்யா!"

"அப்பப் பாஸு. எந்திரிச்சுக் கம்பியப் புடிங்க."